உள்ளே ஒரு ஆள்

சண்டைக் காலத்தில் நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தேங்காயெண்ணெய் ஸ்டோரில் வேலை செய்தேன். எண்ணெய்த் தாங்கியைக் கழுவ இறங்குகிறவன் மயங்கினால் எப்படி வெளியே எடுப்பது என்று ஒருநாள் எங்களுக்குப் பழக்கினார்கள். பழக்க வந்த சேர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உள்ளுக்கு காத்து சரியில்லை. ஆர் கூப்பிட்டாலும் கயித்தை விடாதே. ரெண்டு தரம் இழுத்தா உடனே தூக்கு."

கயிறு என் கையில் இருந்தது. "மச்சான், நீ சோறு தின்னதா? நான் நல்ல பாரம்," என்று தன் ஓட்டைத் தமிழில் சொல்லிச் சிரித்தபடி, என்னோடு வேலை செய்த சிங்களவன் பியதாச தாங்கிக்குள் இறங்கினான்.

கொஞ்ச நேரத்தில் ஆமிக்காரர்கள் சோதனைக்கு வந்தார்கள். சேரை வாசலிலேயே மறித்தார்கள். "ஐடென்டி கோ?" என்று ஒருவன் அடையாள அட்டையைக் கேட்டு என்னைக் கூப்பிட்டான். அங்கே தமிழன் நான் மட்டும்தான். அதே நேரம் கயிறு இரண்டு தரம் இழுபட்டது. நான் கையை உயர்த்திக்கொண்டு அவனிடம் போனேன்.

அட்டையை நீட்டினேன். "எத்துளே மினிஹெக் இன்னவா," என்றேன். உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு தமிழன் ஆமிக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது என்பது சொன்ன பிறகே விளங்கியது. துவக்குகள் எல்லாம் தாங்கியின் வாய்க்குத் திரும்பின.

உள்ளிருந்து, "அம்மே..." என்று பியதாச சிங்களத்தில் தாயைக் கூப்பிட்டு முனகினான். என்னைக் கூப்பிட்டவன் துவக்கைக் கீழே போட்டுவிட்டு என்னோடு சேர்ந்து கயிற்றை இழுத்தான். பியதாச வாந்தியெடுத்தான், பிழைத்தான்.

ஆமிக்காரன்தான் என் கையிலிருந்து கயிற்றைப் பறித்தான் என்று பியதாச இன்றும் எல்லோருக்கும் சொல்கிறான். நான் அதைத் திருத்தியதில்லை. ஒருவரும் பறிக்கவில்லை. நானாகத்தான் விட்டேன்.