பிறைக்கு முந்திய வாழ்த்து

நோன்புப் பெருநாள் கிட்டினால் கல்முனைப் புடவைக் கடைகளுக்கு விளம்பரமே தேவையில்லை. நிற்க இடமில்லாமல் சனம் நெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பில் இருந்த எங்கள் பத்திரிகைக்காரர்களுக்கு விளம்பரப் பசி எடுக்கும். பெருநாளிலும் சுதந்திர தினத்திலும்தான் வாசகர் கூடுவார்களாம். தொண்ணூறுகளின் கடைசியில் பத்திரிகை இணையத்திலும் வரத் தொடங்கியது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பெருநாளன்று ஊர்ச் சேதி தேடி அதில் வந்து குவிகிறார்கள், அதைச் சொல்லி வாழ்த்து விளம்பரம் பிடி என்று எனக்கு உத்தரவு. பகுதி நேர நிருபரான நான் அதுவரை இணையத்தைக் கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் விற்கப் புறப்பட்டேன்.

பெரிய புடவைக் கடை ஹாஜியார் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உள்ள சனத்தையே சமாளிக்க ஏலாமக் கிடக்கு. நீ இன்னும் கூட்டிக்கொண்டு வரப்போறியா தம்பி?”

“இது இங்க உள்ள சனத்துக்கில்ல ஹாஜியார். துபாயில உங்கட மகன் கம்பியூட்டர்ல பாப்பார்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடையைப் பொறுப்பெடுக்கச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு போன மகன், இரண்டு வருடமாக வாப்பாவோடு கதைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஹாஜியார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“மெய்யாப் பாப்பானா?”

எனக்கென்ன தெரியும்? “ஓம்” என்றேன். அரைப் பக்கம் தந்தார். கடைப் பெயரைவிடத் தன் படம் பெரிதாக வர வேண்டும் என்றார்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று நான் அந்தக் கடையில் நிற்கும்போதே தொலைபேசி அடித்தது. எடுத்த ஹாஜியார் கடை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

“மகனா? பாத்தியா? ஓம் ஓம், பெருநாள் வாழ்த்து நான்தான் போட்டன்!”

துபாயில் பிறை முந்தியே தெரிந்து அன்று பெருநாள். அச்சுப் பத்திரிகை எங்கள் பிறைக்காகக் காத்திருந்தது. இணையத்தில் மட்டும் அங்குள்ள வாசகருக்காக முந்திக்கொண்டு போட்டுவிட்டார்கள். கடையில் நின்ற சனத்துக்கு இது எப்படித் தெரியும்? ஹாஜியார் பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர். பிறை கண்டால் ஊருக்கு அறிவிப்பவரே அவர்தான். அவரே வாழ்த்துப் போட்டுவிட்டார் என்றால் நாளைக்குப் பெருநாள் என்றுதானே அர்த்தம்? பின்னேரம் அஸர் தொழுகைக்குள் செய்தி பக்கத்து ஊர் சாய்ந்தமருது வரை போய்விட்டது. தைக்கக் கொடுத்த உடுப்பைக் கேட்டுச் சனம் தையற்கடைகளை முற்றுகையிட்டது.

கடைசியில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், இன்னும் பிறை பார்க்கவில்லை, வதந்தியை நம்ப வேண்டாம் என்று ஹாஜியாரே அறிவித்தார். வதந்தி யார் வாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. அன்று மாலை பிறையும் தென்படவில்லை. முப்பது நோன்பையும் பிடித்துவிட்டுத்தான் பெருநாள் எடுத்தோம். “அடுத்த வருசப் பிறையையும் இப்பவே சொல்லிருங்க ஹாஜியார்” என்று கண்டவரெல்லாம் அவரைப் பகிடி பண்ணினார்கள்.

எனக்குப் பெருநாள் சோறே இறங்கவில்லை. பாவம், மனுசனை ஊர் சிரிக்க வைத்துவிட்டேனே என்றிருந்தது. இரண்டு நாள் ஒளிந்திருந்து, மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

“அடுத்து வாற ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் விளம்பரம் எடுப்பாங்களா?”

“எடுப்பாங்க. இந்த முறை எங்கட பெருநாளண்டைக்கே போடச் சொல்றன் ஹாஜியார்.”

“வேணாம். எங்கட பெருநாள் எண்டைக்கெண்டாலும் வரட்டும். அவனுக்கு அங்க எண்டைக்குப் பெருநாளோ, அண்டைக்கே போடு. லீவுல இருப்பான். கொஞ்சம் கூடுதலாக் கதைப்பான்.”