இடுப்புயரத்துக்கு இறங்கியிருந்த டெலஸ்கோப்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போயிடற ஆளு நானு. செங்கல்பட்டுல ஒரு லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்றவ, ஞாயித்துக்கிழமைன்னா மதுராந்தகம் பக்கம் ஒரு ஏரிக்கு ஆளுங்களக் கூட்டிகினு போய் பறவை காட்டறவ. கண்ணால பாத்தது மட்டும்தான் என் நோட்டுல ஏறும். நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

போன தை மாசம், பன்னெண்டு பேரு வந்தாங்க, எல்லாம் ஒரே அபார்ட்மென்ட்டு ரிட்டயர்டு ஜனங்க. குழந்தைன்னு ஒண்ணுகூட கெடையாது, இத ஞாபகம் வெச்சுக்கோங்க. குழந்தைங்க வந்தா டெலஸ்கோப் ஸ்டாண்ட என் இடுப்புயரத்துக்கு இறக்குவோம், பெரியவங்கன்னா ஏத்திடுவோம். அன்னைக்கு எங்க வேன் டிரைவர் மோசஸ் அண்ணன் மூணு காலையும் ஏத்தி, திருகாணிய அவரோட முரட்டுக் கையால இறுக்கிட்டாரு. ஏரி பூரா கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, அடடா, வரிசையா நின்னு பாத்துட்டு சின்னப் பசங்க மாதிரி குதிச்சாங்க.

ஒம்பது மணிக்கு வெயில் ஏறிடுச்சு, கெளம்பணும். எங்ககிட்ட ஒரு கெட்ட பழக்கம், தலைய எண்ண மாட்டோம், பைனாகுலர எண்ணுவோம். ஒண்ணு தொலைஞ்சா ஓனர் உயிர எடுத்துடுவாரு, அதான். பன்னெண்டும் பெட்டிக்குள்ள வந்துடுச்சு.

"எல்லாம் வந்துட்ச்சு ஸ்டெல்லா, ஸ்கோப்ப மடிச்சு எத்துகினு வா"ன்னு மோசஸ் அண்ணன் கத்தினாரு.

கரைக்குப் போறேன், ஸ்டாண்டு இடுப்புயரத்துல நிக்குது. நம்புனா நம்புங்க, மூணு காலும் இறங்கி, திருகாணி மறுபடி இறுக்கி இருக்கு. ஏரியப் பாத்துகினு இருந்த டெலஸ்கோப் மதகுப் பக்கம் திரும்பியிருக்கு. யாருடா இந்த வேலை பாத்ததுன்னு கடுப்போட குனிஞ்சேன். கண்ணாடி முழுக்க ஆவி, யாரோ இப்பதான் வாய வெச்சு மூச்சு விட்டா மாதிரி. துப்பட்டாவால தொடச்சிட்டுப் பாத்தா கோரைப்புல்லு, சேறு, நடுவுல ஒரு மஞ்சத் தொப்பி, பக்கத்துல ஒரு கை ஆடுது.

மஞ்சத் தொப்பி அந்தப் பன்னெண்டு பேர்ல ஒருத்தரு, ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் சாரோடது! சுகர் பேஷன்ட்டு. போட்டோ எடுக்கப் போனவரு பைனாகுலர சம்சாரத்துகிட்ட குடுத்துட்டாரு, அந்தம்மா ரெண்டையும் சேத்துக் குடுத்துட்டு, அவரு வேன் பின்சீட்டுல தூங்கறாருன்னு நெனச்சுகினு இருக்காங்க.

"அண்ணாத்த, மதகாண்ட ஆளு மாட்டிகினாரு!"ன்னு கத்திகினே ஓடினேன் பாருங்க, செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாருவரைக்கும் சேறு, சாருக்குக் குரலே இல்ல. மோசஸ் அண்ணன் வேன் கயித்தப் போட்டு இழுக்க, நான் சட்டையப் புடிச்சு இழுக்க, எப்படியோ கரையில போட்டோம். சுகர் இறங்கி மயங்கிட்டாரு, வாயில சக்கரை போட்டதும் கண்ணு தெறந்தாரு. அந்தம்மா என் கையப் புடிச்சு, "இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா எனக்கு யாரும்மா இருக்கா?"ன்னு அழுதாங்க. நானும் அழுதேன், சந்தோஷத்துல.

அப்புறம்தான் கேட்டேன், ஸ்டாண்ட இறக்குனது யாருன்னு. யாரும் தொடல. மோசஸ் அண்ணன் திருகாணியத் தொட்டுப் பாத்துட்டு, "நான் வெச்ச இறுக்கத்தவுட இறுக்கமா கீதே"ன்னாரு.

சரி, யாரோ பொய் சொல்றாங்கன்னு வெச்சுப்போம். அடுத்த வாரம் அதே எடத்துல, அதே உயரத்துல ஸ்டாண்ட வெச்சேன். மோசஸ் அண்ணன் மஞ்சத் தொப்பியோட மதகாண்ட நின்னு கையாட்டினாரு. குனிஞ்சு பாக்கறேன், குறுக்க சீமைக்கருவேல வேலிதான் தெரியுது. ஏத்திப் பாத்தேன், இறக்கிப் பாத்தேன். அங்கேர்ந்து அந்த எடம் தெரியவே தெரியாதுங்க.

இப்ப தலையத்தான் எண்ணறோம். எண்ணி முடிச்சு எல்லாரையும் வேன்ல ஏத்துனப்புறம், ஸ்டாண்ட இடுப்புயரத்துக்கு இறக்கி ரெண்டு நிமிஷம் சும்மா விட்டுடறேன். எதுக்குன்னு கேக்காதீங்க. அந்த நேரம் மோசஸ் அண்ணன் திரும்பி நின்னு பீடி பத்த வெச்சுக்குவாரு. சுள்ளுனு வெயில் அடிக்கும், பனி இருக்காது, ஆனா மடிக்கப் போறப்ப சில நாள் கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு.