உள்ளங்கால் தூசி

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்குப் போகும் பணியாளர்கள் தங்களுக்குள் அவளைக் 'குதிகால் அம்மா' என்பார்கள். அவள் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுவாள்.

படுக்கையில் கிடப்பவர்களை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனங்கள் ஊரில் பெருகியபோது, அந்தப் பராமரிப்பு சரியாக நடக்கிறதா, ஆபத்தில்லாமல் நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல ஓர் அலுவலகம் வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் அங்கே மாறிப்போனாள். அன்றிலிருந்து அடுத்தவர் வீட்டுப் படியேறுவதே பிழைப்பு என்றாகிவிட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பாள். மணியடித்ததும் உள்ளே அவசரமாக எதையாவது இழுத்துப்போடும் சத்தம் கேட்டால் அவள் முகம் இறுகும். யாரும் உட்காரச் சொல்வதற்குள் கட்டிலருகே போய், போர்வையைக் கால்மாட்டில் விலக்கி, நோயாளியின் குதிகாலைத் தொட்டுப் பார்ப்பாள். புரட்டிப் படுக்கவைக்காமல் போட்டது போட்டபடி விட்டிருந்தால் அங்கே சிவந்திருக்கும். "முகம் பொய் சொல்லும். நல்லாத்தான் பாத்துக்கறாங்கன்னு சிரிக்கும். குதிகாலுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பாள். அதற்கப்புறம்தான் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, குளியலறைத் தரை வழுக்குகிறதா என்பதெல்லாம். வீட்டுக்குள் தொளதொளவென்று செருப்பு கிடந்தால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஆளைக் கவிழ்ப்பதே அதுதான் என்று உடனே அப்புறப்படுத்தச் சொல்வாள்.

ஒருமுறை ஒரு வீட்டில் கிழவர் ஒருவரைத் துண்டால் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார்கள். "விழுந்துடக் கூடாதேன்னுதான் மேடம்" என்றாள் அங்கிருந்த பணிப்பெண். இவள் தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்து, மணிக்கட்டைத் தேய்த்துவிட்டபடி, மகன் வேலையிலிருந்து திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று. அந்த நிறுவனத்துக்கும் பெயர் கெட்டது.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒருநாள் கட்டில் போட வேண்டி வந்தது.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை, பக்கவாதத்தில் ஒரு பக்கமாகத் தொங்கிப்போனது. கால் கொஞ்சம் மிஞ்சியது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. லேசாகக் குழறினாலும் கேலி குறையவில்லை.

அவள் வேலையை விட முடியாது. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டாள், இன்னொன்றைக் கூப்பிட்டாள். முகவரியைக் கேட்டதும் எதிர்முனையில் குரல் தணிந்துவிடும். கடைசியில் ஒருத்தர் மனம் விட்டே சொல்லிவிட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. போலீஸ் ஸ்டேஷன்ல போய்த் தங்கச் சொன்னாக்கூட எங்க பொண்ணுங்க போயிடுவாங்க. உங்க வீட்டுக்குன்னா காய்ச்சல் வந்துடுது."

அவர் படுத்தபடியே சிரித்தார். "ஊரையே மிரட்டி வச்சிருக்கே இன்ஸ்பெக்டர். இப்ப நான்ல அனுபவிக்கறேன்!"

கெஞ்சிக் கூத்தாடியபின் ஒருத்தி வந்தாள். நடுத்தர வயது, ஒடிசலான உடம்பு, ஓயாமல் கை கழுவுகிறவள். பெரிய குறை ஒன்றும் சொல்ல முடியாது. நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தாள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குதிகால் குழந்தையின் கால் மாதிரி மெத்தென்று இருந்தது. ஆனால் அவரைக் கட்டிலைவிட்டு எழ மட்டும் விடவில்லை. எழுப்பினால் விழலாம், விழுந்தால் குதிகால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? வீட்டுக்காரியும் எழுப்பச் சொல்லவில்லை. இந்த வயதில் இடுப்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை அவள் எத்தனையோ வீடுகளில் பார்த்தவள். கட்டிலடியில் கிடந்த அவர் செருப்பைக்கூட முதல் வேலையாகப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

அவர் கேட்டதெல்லாம் பால்கனிதான். கீழே தெருவில் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் வண்டியைத் திணறித் திணறி எடுப்பார்கள். நின்று அதைப் பார்க்க வேண்டும் அவருக்கு.

"வேணாங்க. காலு தாங்காது" என்றாள் மனைவி.

"ஏம்மா, பக்கத்து சீட்ல எனக்கும் ஒரு பிரேக் வச்சிருப்பாங்க. அதுமேலயே கால வச்சிட்டிருந்தா எவனும் வண்டி ஓட்டக் கத்துக்க மாட்டான்."

"நீங்க விழுந்தா வலிக்கப்போறது உங்களுக்கு. பாக்கப்போறது நான்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் கேலியும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. அறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவரும் அந்த அறையின் சாமான்களில் ஒன்றாகிக்கொண்டிருந்தார். அவள் அதைக் கவனித்தாள். இதற்குக் குதிகாலில் அடையாளம் எதுவும் தெரிவதில்லை.

பிறகு ஏனென்று தெரியாமல் மெல்ல அவர் தேறினார். ஒரு சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது பணிப்பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அவள் வழக்கம்போல் போர்வையை விலக்கிக் குதிகாலைத் தொட்டாள். விரலில் நறநறவென்று ஏதோ பட்டது.

உள்ளங்கால் முழுக்கத் தூசி. கட்டிலைவிட்டு இறங்காத மனுஷனின் காலில், பால்கனியில் படியும் அதே கருந்தூசி.

செருப்பு இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

பணிப்பெண் கதவருகே நின்றிருந்தாள். அவள் முகத்தில் உயிரே இல்லை. கை, துவைத்த துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தது. துணைக்கு ஆளில்லாமல் ஒருத்தியாக நோயாளியை எழுப்பி நடத்தியிருக்கிறாள், அதுவும் வெளியே. வேறு வீடாக இருந்திருந்தால் இந்த ஒரு காரணத்துக்கே அவளை அன்றே நிறுத்தச் சொல்லியிருப்பாள். சொல்ல வாயெடுத்துவிட்டாள்.

"மேடம்..." என்றாள் அந்தப் பெண்.

கட்டிலில் இருந்தவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலிப் பார்வை அல்ல. கெஞ்சுகிற பார்வை. கல்யாணமானதிலிருந்து அந்த மனுஷன் யாரிடமும் கெஞ்சிப் பார்த்ததில்லை அவள்.

முந்தானையால் அந்தப் பாதத்தைத் துடைத்தாள். போர்வையை இழுத்து மூடினாள்.

"நாளைக்கு அவருக்குக் கொஞ்சம் கெட்டியா சாதம் பிசைஞ்சு குடும்மா. தெம்பு வேணும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அந்த வாரமே ஆள் வைத்து, கட்டிலிலிருந்து பால்கனிக் கடைசிவரை சுவரோரமாக இரும்புக் கம்பி ஒன்று அடித்தாள்.

"எதுக்கும்மா இது?" என்றார் அவர்.

"துணி காயப்போட."

"இடுப்பு உயரத்துலயா? யாரு துணி, குள்ளன் துணியா?"

"ஆமா. உங்களுக்கென்ன வந்துச்சு?"

பணிப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினாள். அந்தக் கம்பியில் ஒருநாளும் ஒரு துணி காயவில்லை.

வாழ்நாளெல்லாம் முன்னறிவிப்பில்லாமல் அடுத்தவர் வாசலில் போய் நின்றவள், அன்றுமுதல் சொந்த வீட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டு வரப் பழகினாள். கீழ்ப்படியிலேயே இருமத் தொடங்குவாள். நடுவில் நின்று பையைத் துழாவிச் சாவியைக் குலுக்குவாள். மேலே பால்கனியிலிருந்து, "கிளட்ச்ச மெதுவா விடுடா, யாருடா உனக்கு லைசென்ஸ் குடுத்தது!" என்று குழறலாக ஒரு சத்தம் கேட்கும். இருமல் கேட்டதும் அது அடங்கும். பிறகு கம்பியைப் பற்றிக்கொண்டு நடக்கும் இழுவைச் சத்தம். ஒவ்வொரு இழுவைக்கும் விழப்போகிறார் என்று ஓடத் தோன்றும். கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். கட்டில் கிறீச்சிட்டபின்தான் மேலே ஏறுவாள்.

அவர் விழவே இல்லை. இரண்டாவது பக்கவாதம் ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விட்டது.

செய்தி கேட்டு வந்தவள் அன்று இருமாமல் படியேறினாள். கட்டிலருகே பணிப்பெண் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். முகமும் கையும் துடைத்து முடித்திருந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

இவள் பழக்கதோஷத்தில் கால்மாட்டுப் பக்கம் போய்ப் போர்வையை விலக்கினாள். குதிகாலில் புண்ணில்லை, சிவப்பில்லை. உள்ளங்காலில் காலையில் படிந்த தூசி அப்படியே இருந்தது.

பணிப்பெண் பதறித் துணியை நீட்டினாள். "இதோ தொடச்சிடறேம்மா..."

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. அது இருக்கட்டும்."