பிறக்குமுன் நெஞ்சைப் பார்த்தவர்

படப்பையில் ஸ்கேன் சென்டர் வைத்திருந்த டாக்டர் மரகதம் அம்மா காலமான சேதி, மூடிய ஷட்டர் முன்னால் நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் மகள் சுமதியின் வயிற்றிலிருந்த இரண்டாவது பிள்ளையை அன்று அவர் பார்ப்பதாக இருந்தது.

"விடிகாலைல போய்ட்டாங்கம்மா. மாரடைப்பு," என்றார் பக்கத்து மருந்துக் கடைக்காரர்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஐந்தாம் மாதம் அவரிடம் போனோம். சுமதி ஒரகடத்தில் கம்பெனி வேலை செய்பவள். ஷிப்ட் முடிந்து நேரே வந்தாள். பிறக்காத பிள்ளையைப் பார்த்தால் கண் படும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இருட்டு அறை. குதிரை ஓடுவதுபோல் பிள்ளையின் நெஞ்சு துடிக்கும் சத்தம். டாக்டர் எங்களிடம் பேசவில்லை. உள்ளே இருப்பதோடு பேசினார்.

"தங்கம், கையை எடு. நெஞ்சைக் காட்டு."

"எடுத்துடுச்சும்மா!" என்றாள் சுமதி.

பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டார்.

"இருதயத்துலேர்ந்து போற ரெண்டு பெரிய குழாய் இடம் மாறியிருக்கு. பொறந்ததும் நீலமாயிடும். ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிலதான் பிரசவம் வெச்சுக்கணும்."

"பார்க்காம வுட்டிருந்தா வந்திருக்காதுல்ல?" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "நான் பார்த்ததால வரல. நீங்க பார்க்காததால போகவும் போகாது. திரும்பி உட்காருங்கம்மா."

திரும்பினேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு முகம், என்னையே பார்த்தபடி.

பேத்தி மகிழினி நீலமாகத்தான் பிறந்தாள். டாக்டர்கள் தயாராக நின்றார்கள், ஆபரேஷன் செய்தார்கள், பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் அவள்தான் முதல். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

டாக்டர் காலமான அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனோம். சாவு வீட்டுக்குள் பிள்ளைத்தாச்சி நுழையக் கூடாது என்பதால் சுமதியோடு எதிர்ப்பக்கம் நின்றேன். அங்கே ஏற்கெனவே பல பெண்கள். சிலர் கம்பெனி யூனிபார்மில். எல்லோரும் நிறைந்த வயிற்றோடு.

டாக்டரம்மாவை ஏற்றிய வண்டி கிளம்பியது. சுமதி வயிற்றைப் பிடித்தாள்.

"இன்னா ஆச்சு?"

"காலையிலேர்ந்து உதைச்சுகினே இருந்துச்சும்மா. இப்ப சும்மா கீது."

பக்கத்துப் பெண் திரும்பினாள். "எனக்கும்தான்க்கா."

நான் மகள் வயிற்றில் கை வைத்தேன். வண்டி எங்களைக் கடந்து போனது. வளைவில் மறைந்த பிறகுதான் உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தது.

இதன் இருதயத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை. நிம்மதியாகப் போங்கள், டாக்டரம்மா. பயந்துகொண்டாவது நாங்கள் பார்த்துவிடுகிறோம்.