வெள்ளைப் பொட்டியும் பனிமலைக் கழுதையும்

கேம் சென்டர் வேலைன்னா ஏசியில உக்காந்துகினு நாள் பூரா விளையாடறதுன்னு நெனைக்கிறவங்க, ஒரே ஒரு நாள் வந்து கன்ட்ரோலர்ல ஒட்டின பஜ்ஜி எண்ணெயத் தொடைச்சுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

யாருமே வாங்காத ஃபோன வாங்கிட்டு, அதுதான் நல்ல ஃபோன்னு ஊரெல்லாம் சண்ட போட்டுகினு திரியறீங்களே, உங்களுக்காகத்தான் இத எழுதறேன். நானும் உங்க கட்சிதான். பேரு ஷீபா. பகல்ல படப்பைப் பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ். சாயங்காலம் ஒரகடத்துல சுந்தர் அண்ணன் கேம் சென்டர்ல வேலை. கடையில ரெண்டு ஜாதி கன்சோல், அதான் டீவில மாட்டி கேம் ஆடற பொட்டி, இருக்கு. ஒண்ணு கறுப்புப் பொட்டி, ஊரே அதத்தான் விளையாடுது. இன்னொண்ணு வெள்ளைப் பொட்டி. அது எங்க கடையில மட்டுமில்ல, உலகம் பூரா தோத்துகினே இருக்கு. வாங்க ஆளில்ல, அதனால கேம் பண்றவன் அதுக்குப் பண்ண மாட்டேங்கறான். கேம் இல்ல, அதனால வாங்க ஆளில்ல.

அந்த வெள்ளைப் பக்கத்துக்கு இன்சார்ஜ் நான். அந்தப் பக்கத்த மூடினா நானும் வூட்டுக்குப் போக வேண்டியதுதான். என் காலேஜ் ஃபீஸ் இந்த வேலையிலதான் போய்கினு இருக்கு. இப்ப சொல்லுங்க, நான் கத்தறதுல நியாயம் இருக்கா இல்லியா?

ஃபேன் காத்து

கடைக்குள்ள நுழைஞ்சா இடது பக்கம் கறுப்பு. அங்க எப்பவும் சந்தக்கடை. கார் ரேஸ்தான் ஓடும். சுத்தி இருக்கற ஃபேக்டரில நாள் பூரா காருக்குக் கதவு மாட்டிட்டு, சாயங்காலம் இங்க வந்து காசு குடுத்துக் கார் ஓட்டுவானுங்க. எனக்கு மொத நாள் இதுவே ஷாக். அதுலயும் ஒருத்தன் ரேஸ் ஜெயிச்சிட்டு, ஸ்க்ரீன்கிட்ட மூக்க வெச்சுப் பாத்து, "இந்தக் கதவு கேப் சரியில்ல, எங்க லைன்ல ரிஜெக்ட்"னுட்டுப் போனான்.

வலது பக்கம் வெள்ளை. ரெண்டு டீவி, ரெண்டு பொட்டி, ஒரு நீள சோஃபா. ஈ கூட உக்காராது. ஒரு நாள் ஃபேக்டரி யூனிஃபார்மோட ஒருத்தர் நேரா வந்து என் சோஃபாவுல உக்காந்தாரு. எனக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு பொட்டியையும் ஆன் பண்ணி, இருக்கற கேமெல்லாம் எடுத்துக் காட்டி, எந்த பட்டன் எதுக்குன்னு மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். பொறுமையா எல்லாத்தையும் கேட்டாரு மனுஷன். கண்ண மூடிகினே கேட்டாருன்றது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. எழுப்பினா கோவம் வேற.

"விளையாட யாரு மேடம் வந்தா? இந்தப் பக்கம் ஃபேன் காத்து நல்லா வருது."

ஷவர்மாவா, பனிமலையா

சுந்தர் அண்ணன் கெட்டவர் இல்ல. ஆனா அவரு வாய்ல அந்த வாரம் ஒரே வார்த்தைதான், ஷவர்மா. வெள்ளைப் பக்கத்தத் தூக்கிட்டு ஷவர்மா கவுண்டர் போடப் போறாராம். எதுத்தாப்ல பஸ் ஸ்டாப்பு, ஷிஃப்ட் விட்டா பசியோட எறங்குவான்னு பேச்சு. தீபாவளி வரைக்கும் டைம் குடுங்கண்ணேன்னு கேட்டேன். வெள்ளைப் பொட்டிக்கு மட்டுமே ஒரு புது கேம் வருது, கறுப்புல அது கெடைக்கவே கெடைக்காது, அது வந்தா பாருங்கன்னேன். ஒரு பொண்ணு, ஒரு கழுதை, ரெண்டும் பனிமலையத் தாண்டிப் போவணும். அதான் கதை.

அவரு சிரிச்சாரு. "இன்னாம்மா, ஒரே ஒரு ஐட்டம் நல்லா கீதுன்னு எவனாவது ஒரு ஓட்டலுக்கு தெனம் போவானா?" நான் வுடுவேனா? "பிரியாணிக்குப் போறாங்கல்ல? அந்த ஓட்டல்ல சாம்பார் நல்லா இருக்கான்னு எவனாவது கேக்கறானா?"ன்னேன். ஆமால்லன்னு தலைய ஆட்டினாரு. மடக்கிட்டேன்னு நெனச்சேன்.

"பிரியாணிக்குப் போவான். கழுதைக்கு எவன்மா போவான்?"

முதல் காட்சி

கேம் வந்துச்சு. தீபாவளி வரைக்கும் பாக்கலாம்னு அண்ணனும் விட்டுட்டாரு. பலூன் கட்டினேன். வாசல்ல சாக்பீஸ்ல கழுதை வரைஞ்சேன். மொதல்ல உக்காந்தவன், வடக்குப்பட்டுக்காரன், எங்க தெருப் பையன்தான். ஆரம்பத்துல அந்தப் பொண்ணு குளுர்ல நடந்துகினே இருக்கா. மியூசிக் போடறாங்க. மலை தெரியுது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இவன் பட்டனையெல்லாம் அமுக்கிப் பாத்துட்டு என்னைத் திரும்பிப் பாத்தான்.

"வண்டி எப்பக்கா குடுப்பானுங்க?"

கழுதையக் காட்டினேன். எழுந்து கறுப்புப் பக்கம் போயிட்டான். அந்த நிமிஷம் என்கிட்ட ஒரு நெஜக் கழுதை இருந்திருந்தா அவன் மேல ஏத்தியிருப்பேன்.

ரிலீவர் வராம எழுந்திருக்கக் கூடாது

அப்புறந்தான் முத்துராஜும் இசக்கியும் வந்தாங்க. ரெண்டு பேரும் தெக்கத்திக்காரங்க, ஒரே ஹாஸ்டல் ரூம், ஒரே ஃபேக்டரி. முத்துராஜுக்குப் பகல் ஷிஃப்ட், இசக்கிக்கு நைட் ஷிஃப்ட். இசக்கி சாயங்காலம் வந்து கழுதைய மலை ஏத்துவான். அவன் கம்பெனி பஸ்ஸுக்குப் போற நேரம் முத்துராஜ் வந்து உக்காருவான். தனித்தனி ஆட்டம் இல்லீங்க. ஒரே ஆட்டம். ஒரே பொண்ணு, ஒரே கழுதை, இவன் விட்ட எடத்துலேந்து அவன்.

ஒருத்தன் விளையாட வேண்டிய கேம ரெண்டு ஷிஃப்ட் போட்டு ஓட்டறத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். அவங்க லைன்ல அடுத்த ஷிஃப்ட் ஆளு, அதான் ரிலீவர், வந்து மெஷினத் தொடற வரைக்கும் இந்த ஆளு நகரக் கூடாதாம். அதே ரூல் என் சோஃபாலயும். ஒரு நாள் முத்துராஜ் லேட்டு. ரோட்டுல கம்பெனி பஸ்ஸு ஹார்ன் அடிக்குது, இசக்கி எழுந்திருக்கவே மாட்டேங்கறான். "யோவ், கேம நிறுத்தி வெச்சிட்டுப் போயேன், அது எங்கயும் ஓடிடாது"ன்னு கத்தறேன். பனியில கழுதைய நிக்க வெச்சிட்டு எப்படிப் போறதுன்னு என்னையே கேக்கறான். முத்துராஜ் செருப்பக் கையில புடிச்சிகினு ஓடி வந்து கன்ட்ரோலர வாங்கினப்புறந்தான் இவன் எழுந்தான். வாசல் வரைக்கும் போயிட்டு, அங்கேந்து ஒரு கத்து.

"ஏல, கழுதைக்கு முன்னங்கால்ல அடி. ஓட்டாத, மெதுவா கூட்டிட்டுப் போ!"

ஜீரோ

முத்துராஜ், இசக்கி ரூமுக்குப் புதுசா ஒருத்தர் வந்தாரு. பரமசிவம் அண்ணாச்சி. வேற ஃபேக்டரில ரொம்ப வருஷம் தகடு அடிக்கற பிரஸ் மெஷின் ஓட்டினவரு. ஞாயித்துக்கிழமை அவரு டர்ன். அருமையா ஆடினாரு. கழுதைக்குக் கால் ஆற மாதிரி மூலிகையெல்லாம் தேடிக் குடுத்தாரு, நொண்டல் மட்டும் இன்னும் போவல. கடைசி மலையே கண்ணுல தெரிஞ்சுது. முடிச்சிட்டு கன்ட்ரோலரத் துணியால தொடைச்சு, ஒயரச் சுத்தி, எடத்துல வெச்சிட்டுத்தான் போனாரு. இப்படி ஒரு கஸ்டமரான்னு நான் உருகிப் போயிட்டேன்.

மறுநாள் இசக்கி உக்காந்து ஆன் பண்றான், மலையே இல்ல. அந்தப் பொண்ணு மொத ஊர்ல, மொத வாசல்ல நிக்கறா. சேவ் பண்ணினது மொத்தமும் காலி. பொட்டி கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நான் ஒயரெல்லாம் புடுங்கி மாட்டறேன், இசக்கி பேயறைஞ்ச மாதிரி நிக்கறான். அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டோம். எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு பொட்டி ரெண்டு வாட்டி கேட்டுச்சாம். ரெண்டு வாட்டியும் ஆமான்னு அமுக்கினாராம். ஏன் அண்ணாச்சின்னு கத்தினேன். அவரு ரொம்பப் பெருமையா, ஸ்பீக்கர்ல சொன்னாரு:

"ஷிஃப்ட் முடிஞ்சா மெஷின்ல பீஸ் எண்ணற கவுண்டர ஜீரோ பண்ணிட்டுத்தான தாயி எறங்கணும்? இல்லன்னா அடுத்த ஆளு கணக்குல கொழப்பம் வரும்லா."

நான் ஃபோன அப்படியே மேசை மேல வெச்சிட்டேன். கோவம் கூட வரல, அவ்ளோ ஷாக். இனிமே இந்தப் பக்கம் யாரு வருவா? ஷவர்மா வாசனை அப்பவே மூக்குல ஏறிடுச்சு. கொஞ்ச நேரத்துல முத்துராஜ் வந்தான். விஷயத்தச் சொன்னேன். அடிக்கப் போறான்னு நெனச்சேன். சோஃபாவுல உக்காந்தான், ஸ்க்ரீனையே பாத்தான், அப்புறம் மெதுவாக் கேட்டான்.

"அப்ப கழுதைக்குக் கால் சரியாத்தான இருக்கும் மேடம்?"

எங்க வூட்டாண்ட

அதே வாரம் காலேஜ்ல இன்னொரு இடி. என் க்ளாஸ்மேட் தினேஷ், கறுப்புப் பொட்டி வெறியன், எங்க கடையிலயே கெடையாக் கெடப்பான். கேன்டீன்ல ஃபோன என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். வெள்ளைப் பொட்டிக்கு மட்டும்னு சொன்னாங்களே, அந்தப் பனிமலை கேம் இனிமே கறுப்புலயும் வருதாம். கம்பெனியே சொல்லிட்டான். நான் படிச்சேன். திரும்பப் படிச்சேன். டீ ஆறிப்போச்சு.

துரோகம்ங்க இது! கத்திக் கத்தி கட்சிக்கு ஆள் சேத்தவ நான். சண்ட போட்டு ஃப்ரெண்ட்ஸ தொலைச்சவ நான். ஒரு வார்த்தை கேட்டானுங்களா? பொட்டி விக்காததால கேம எல்லாருக்கும் விக்கறானுங்களாம். அப்ப பொட்டிய எதுக்குடா வாங்கறதுன்னு தினேஷ்கிட்ட கத்தறேன், அவன் என்னமோ கம்பெனி முதலாளி மாதிரி. கேன்டீனே திரும்பிப் பாக்குது. அவன் சமோசாவ மென்னுகினே சொன்னான்.

"கத்தாத ஷீபா. உங்க கழுதை எங்க வூட்டாண்ட வந்து நிக்குது, தண்ணி காட்டணும்."

காலி சோஃபா

கறுப்புலயும் கேம் வந்துச்சு. சுந்தர் அண்ணன் டேப்பு புடிச்சு வெள்ளைப் பக்கத்த அளந்துகினு இருந்தாரு. கம்பி இங்க, அடுப்பு அங்க. ஒரு டீவிய ஏற்கனவே எறக்கியாச்சு. நான் கன்ட்ரோலரப் பையில போட்டுகினு, அழக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுகினு நிக்கறேன். அப்பப் பாத்து முத்துராஜ், இசக்கி, அண்ணாச்சி மூணு பேரும் உள்ள வர்றாங்க. மொதல்லேந்து மலை ஏறப் போறாங்களாம். அண்ணாச்சிய மட்டும் அந்தப் பொட்டியத் தொட விடறதில்லன்னு முடிவாம்.

அந்தப் பக்கம் போங்கன்னு நானே கை காட்டினேன். என் வாயாலயே! "அங்கயும் அதே கேம் வந்துடுச்சு. அதே பொண்ணு, அதே கழுதை. பொட்டியும் நல்ல பொட்டி. போங்க." முத்துராஜ் கறுப்புப் பக்கத்தப் பாத்தான். ஒரு சோஃபாவுக்கு ஆறு பேரு, பின்னால நின்னுகினு நாலு பேரு, டர்ன் எப்ப வரும்னு ஒருத்தன் காலர ஒருத்தன் புடிக்கறான். முத்துராஜ் நேரா வந்து வெள்ளைப் பக்கம் உக்காந்து, கால நீட்டினான்.

"லைன்ல ஆளு, பஸ்ஸுல ஆளு, ரூம்ல பாய்க்குப் பாய் ஆளு, பல்லு வெளக்கக் கூட கியூ. ஊர்லயே இந்த சோஃபாவுக்குத்தான் யாரும் வர மாட்டாங்க மேடம். அதுக்குத்தான நாங்க வாரோம்."

எனக்கு மண்டையில யாரோ தட்டின மாதிரி இருந்துச்சு. இத்தன நாளா நான் கேமுக்காகச் சண்ட போட்டுகினு இருக்கேன். கேம் இவங்கள உள்ள கூட்டிகினு வந்துச்சு, அத ஒத்துக்கறேன். உக்கார வெச்சது, என் பொட்டி தோத்துப்போனதால காலியாக் கெடந்த எடம். அத எந்தக் கறுப்புப் பொட்டிக்காரனாலயும் குடுக்கவே முடியாது. சுந்தர் அண்ணன் டேப்ப சர்ருன்னு சுருட்டினாரு. கால நீட்டின முத்துராஜையும் பாத்தாரு, சோஃபாவையும் பாத்தாரு. அடுப்ப ஒரு பக்கமா ஒதுக்கிப் போட்டுக்கலாம்னாரு. இப்ப பாதி ஷவர்மா, பாதி வெள்ளை. ஒரு பொட்டி போச்சு, ஒண்ணு இருக்கு. நான் ஒரு கையில கன்ட்ரோலர், இன்னொரு கையில மயோனைஸ். ஆனா அண்ணனுக்கு யாவார மூள சும்மா இருக்குமா? மறுநாளே போர்டுக்காரன வரச் சொல்லிட்டாரு.

"'இங்கு கூட்டம் இருக்காது'ன்னு பெருசா ஒரு போர்டு வெச்சா, கூட்டம் பிச்சிகினு வரும்ல?"

அந்த போர்ட நிறுத்தறதுக்குத்தான் இப்ப தெனமும் சண்ட போட்டுகினு இருக்கேன், ஏன்னா தோக்கற பொட்டிய ஒரு கேம் காப்பாத்துமான்னு கேட்டா கண்டிப்பாக் காப்பாத்தும், ரொம்ப நல்லாக் காப்பாத்திடாம மட்டும் நாமதான் பாத்துக்கணும்.