தங்கைக்காக நான் சொன்ன பதில்

என் தங்கையின் பர்மியக் குடியுரிமை விண்ணப்பம் ஒருமுறை தள்ளிப்போனதற்கு நான்தான் காரணம். அதிகாரியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தெரிந்தே ஒரு பொய் சொன்னேன்.

எனக்குக் குடியுரிமை அட்டை உண்டு. அப்பா என் காகிதங்களை அப்போதே சரிசெய்துவிட்டார். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அவளுடையதை விட்டுவிட்டார். அவள் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் கட்டிக்கொடுக்கப்பட்டு, வீட்டிலேயே லுங்கி தைத்துப் பிழைத்தாள். அறுபது வயதை நெருங்கும்போதுதான் அவளுக்கு அட்டை அவசரமாகத் தேவைப்பட்டது. மோல்மீனில் வாழ்க்கைப்பட்ட அவள் மகள் முதல்முறையாக உண்டாகியிருந்தாள். அட்டை இல்லாமல் வழியிலுள்ள சோதனைச் சாவடிகளைத் தாண்ட முடியாது.

நான் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன். நேர்காணலுக்கு நானே தயார்செய்கிறேன் என்றேன். ஞாயிறுதோறும் அவள் பாலம் கடந்து பஸ்ஸேறி, தின்கன்ஜூனில் இருக்கும் என் வீட்டுக்கு வருவாள். மாநிலங்களின் பெயர்கள், அரச வம்சங்கள், கொடியின் நிறங்கள் எதைக் குறிக்கின்றன, சுதந்திரம் எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவைத்தேன். நன்றாகவே படித்தாள்.

நேர்காணலில் நான் துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இவற்றுக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். அதிகாரி இளைஞர், நல்ல மாதிரி. கடைசியாகச் சிரித்துக்கொண்டே பர்மியத்தில் கேட்டார்: "தடிங்யூ வந்தா வீட்ல என்ன செய்வீங்க அக்கா?"

மழைக்கால நோன்பு முடிகிற விளக்குத் திருவிழா அது. பழமும் மெழுகுவத்தியும் கொண்டுபோய், பெரியவர்கள் முன் மண்டியிட்டுக் கும்பிட்டு ஆசி வாங்குவார்கள். என் தங்கையும் தன் தெருவிலுள்ள பர்மியப் பெரியவர்களை வருடம் தவறாமல் கும்பிடுகிறவள்தான். அது எனக்குத் தெரியும். நான் தமிழர் கோயில் கமிட்டியில் செயலாளராக இருந்த காலத்தில், நம் வீட்டுப் பெண் அவர்கள் காலடியில் விழுவதா என்று உறவுக்காரர்கள் முன்னால் அவளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அதன்பிறகும் அவள் நிறுத்தவில்லை. எனக்குச் சொல்லாமல் செய்துகொண்டிருந்தாள்.

அதனால் அவள் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதிகாரி என் பக்கம் திரும்பியபோது, "அவளுக்கு இதெல்லாம் பழக்கமில்லை" என்றேன்.

நாட்டு வழக்கங்களோடு இன்னும் பழகவேண்டும், பிறகு வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

மகளுக்குப் பையன் பிறந்தான். தங்கையைப் பார்க்கப் போனபோது அவள் தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. "பேரன் மொகத்த போன்லதான் பாத்தேன். ஒங்களுக்குத் திருப்திதானண்ணே?" என்றாள். தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? அந்த ஆபீசர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

போவதற்கு எனக்குப் பல வாரம் பிடித்தது. போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்க ஸயாதானே? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஒங்களக் கும்பிட்டதில்லையா?"

ஸயா என்றால் ஆசிரியர். ஒவ்வொரு தடிங்யூவுக்கும் வகுப்பு வகுப்பாக வந்து என் முன்னால் மண்டியிட்டார்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆசி கொடுத்தேன். ஒரு வருடம்கூட வேண்டாமென்று சொன்னதில்லை. கும்பிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார். மறுநேர்காணலுக்கு எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

அந்த வருடத் தடிங்யூவுக்கு நானும் வரட்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். "வாங்க. ஆனா முட்டி வலிக்குதுன்னு நாற்காலி கேக்கக்கூடாது" என்றாள். அவள் தெருமுனையில் ஒரு வயதான பர்மியத் தம்பதி இருந்தார்கள். அவர்கள் முன் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். அந்த அம்மாள் ஆசி சொல்லி முடித்ததும், இவர்தான் உன்னைத் திட்டுகிற அண்ணனா என்று அவளிடமே கேட்டார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுந்திருக்க முடியாமல் நான் அவள் தோளைப் பிடிக்கவேண்டியிருந்தது.

இரண்டாம் முறை நான் உள்ளே போகவில்லை. எதிர்க்கடையில் டீயை ஆறவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்தாள். ஒரு மாநிலத்தின் பெயர் மறந்துவிட்டதாம். திருவிழாவைப் பற்றி அவள் பேசியதை அதிகாரியே போதும் என்று நிறுத்தினாராம். பழைய பேச்சு எதையும் அன்று அவள் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை.

அட்டை வர மேலும் ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதற்குள் மகள் மறுபடி உண்டாகியிருந்தாள். தங்கை தனியாகவே மோல்மீனுக்கு பஸ்ஸேறினாள். வழியில் நாலைந்து இடத்தில் அட்டையைக் கேட்டார்களாம், ஒவ்வொரு இடத்திலும் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டினாளாம்.

பிறகு ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். "அண்ணே, பொண்ணு பொறந்திருக்கு. நான்தான் மொதல்ல கையில வாங்குனேன்." பின்னால் ஒரு சிறுபையன் அழும் சத்தம் கேட்டது. மூத்தவன்தான். யாரோ புது ஆள் என்று நினைத்துக்கொண்டு, அவளிடம் போகவே மாட்டேனென்கிறானாம். அவனைப் பழக்கிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்புவேன், அதுவரை என் வீட்டைப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.