என் மனைவியின் மூக்கு

கேரள மலையில், சாந்தன்பாறைக்கு மேலே ஒரு ரிசார்ட்டில், சாப்பாட்டுக்கூடத்துக்கு நான் சூப்பர்வைசர். பதினாறு வருஷமாகிறது. மதுரையில் கேட்டரிங் படித்தபோது ஒயின் பாடம் எடுத்த வாத்தியார், ரோஸ்மில்க் எசன்ஸ் கலந்த தண்ணீரை நீளக்கால் கிளாஸில் ஊற்றிவைத்து, "இதைச் சிவப்பு ஒயின்னு நினைச்சுக்கோங்க" என்றார். நினைத்துக்கொண்டேன். கிளாஸைச் சுழற்றினேன், முகர்ந்தேன், வாயில் வைத்து உருட்டினேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. வேலைக்கு வந்து நிஜ ஒயினைக் குடித்த பிறகு அது இன்னும் முற்றியது.

என்னைப் போன்ற கிறுக்கர்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். எல்லோரும் ஹோட்டல்காரர்கள். கொச்சி, கோயம்புத்தூர், வாளையார் என்று சிதறிக் கிடக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டில் ஒரு பாட்டில் திறந்து, நிறம், வாசம், ருசி பற்றி நாலு வரி எழுதிப் போட வேண்டும். நான் எழுதுவதற்கு வழக்கமாக இரண்டு கட்டைவிரல் விழும். அதில் ஒன்று வாளையார்காரருடையது. அவர் எதற்கும் கட்டைவிரல் போடுவார்.

என் மனைவிக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பறித்து வந்த காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற இடம். நிறமும் பருமனும் பார்த்துப் பிரிப்பவர்கள் அங்கே நிறையப் பேர். இவள் ஒரு கை அள்ளி முகர்ந்து, "இது சூடு ஏறிப்போன காய்", "இதை மூணு நாள் மூட்டையிலயே போட்டு வச்சிருந்திருக்காங்க" என்பாள். அவள் சொன்னால் தப்பாது என்று அங்கே பேச்சு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம். கரண்ட் இல்லை, டிவி ஓடவில்லை. நாசிக் பக்கத்துச் சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் 'செர்ரி, வெண்ணிலா, ஓக் மரம்' என்று எழுதியாகிவிட்டது. கேக் மேல் வைக்கிற செர்ரியைத் தவிர வேறு செர்ரி நான் தின்றதில்லை. ஓக் மரத்தைப் பார்த்ததே இல்லை. பாட்டிலின் பின்பக்கம் அப்படித்தான் எழுதியிருக்கும்.

அவள் பொழுது போகாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்படி என்னதாங்க இருக்கு அதுல? குடுங்க பார்ப்போம்."

கொடுத்தேன். குடிக்கவில்லை. கிளாஸுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பச்சை மிளகைக் கொடியில இருந்து உருவுவோம்ல, அப்போ உள்ளங்கையில ஒட்டுமே ஒரு வாடை, அது. அடியில கொஞ்சம் நாவப்பழம்." பிறகு ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "நாக்கு கூடச் சொரசொரங்குது. நாவப்பழமேதான்."

வாங்கி முகர்ந்தேன். மிளகு. அவ்வளவு நேரம் என் மூக்குக்கு முன்னால் இருந்த மிளகு. நெஞ்சில் சுருக்கென்றது.

"சும்மா எதையாவது சொல்லாதே. இதுக்கெல்லாம் படிப்பு இருக்கு" என்றேன்.

"சரிதான்" என்று எழுந்துபோய்க் கட்டன் காப்பி போட்டுக்கொண்டாள்.

அவள் அடுப்படிக்குள் போனதும், நோட்டில் இருந்ததை அடித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே குழுவில் போட்டேன். பன்னிரண்டு கட்டைவிரல். "இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்?" என்று கொச்சிக்காரர் கேட்டார். சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் ஒவ்வொரு கட்டைவிரலும் அவளுக்குப் போகிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் நானே கூப்பிட்டேன். ஒரு வெள்ளை ஒயினுக்கு, "பழுக்கறதுக்கு முந்தின நாள் கொய்யா, பச்சை மிளகாயைக் காம்போட கிள்ளின மாதிரி" என்றாள். கம்பம் திராட்சையில் செய்த இனிப்பு ஒயினுக்கு, "பன்னீர் திராட்சையைப் பையிலயே வச்சு ரெண்டு நாள் மறந்துட்டாங்க" என்றாள். எல்லாம் என் பெயரில் குழுவுக்குப் போயிற்று.

எனக்குள் இருந்தது மட்டும் புளித்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் அவளை மடக்க நினைத்து, ஒரே ஒயினை இரண்டு கிளாஸில் ஊற்றி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். இரண்டையும் முகர்ந்துவிட்டு, "ஒண்ணுதான். எதுக்கு ரெண்டு கிளாஸ் கழுவ வைக்கிறீங்க?" என்றாள். இன்னொரு வாரம் அவளுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. கஷாயம் வைத்துக் கொடுத்தேன், நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. கட்டிய மனைவியின் சளியில் நிம்மதி தேடியவன் நான்.

கொச்சிக்காரர் சும்மா இருக்காமல், என் பதிவுகளைத் தனக்குப் பழக்கமான எங்கள் ரிசார்ட் முதலாளியம்மாவுக்குக் காட்டிவிட்டார். அவருக்கும் ஒயின் பைத்தியம் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேஜையில் மூன்று கிளாஸ்.

"புது மெனு கார்டில் ஒவ்வொரு ஒயினுக்கும் இரண்டு வரி எழுதணும். நீங்கதான் எழுதணும். அந்த மிளகுக்கொடி மாதிரி" என்றார் மலையாளத்தில்.

முதல் கிளாஸை முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாவதற்கு "பழம்" என்றேன். "எந்தப் பழம்?" என்று கேட்டார். "பொதுவா பழம்தான் மேடம்." மூன்றாவது கிளாஸில் கனமான ஏதோ ஒரு வாடை. தைரியம் வந்துவிட்டது. "மண்வாசனை மேடம். ரொம்ப நல்லாருக்கு."

அவர் என்னையே பார்த்தார். "அது கெட்டுப்போன பாட்டில். கார்க் பழுதாகி நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாறுகிறது. தெரிந்துதான் வைத்தேன்."

கேட்டரிங் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. காது மடல் சுட்டது. "குழுவில் எழுதுவது நீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பேன்.

"எழுதுறது நான்தான் மேடம். சொல்றது வீட்ல."

சிரித்துவிட்டார். "அப்போ சேச்சியைக் கூட்டிட்டு வாங்க."

ஒன்பது நாள் நான் அதை வீட்டில் சொல்லவில்லை. முதலில் மறந்த மாதிரி இருந்தேன். பிறகு, ஸ்டோரில் அவளுக்கு வேலை அதிகம், லீவு கிடைக்காது என்று மேடத்திடம் நானே சொன்னேன். பத்தாம் நாள் மேடம் தன் காரை ஸ்டோருக்கே அனுப்பட்டுமா என்று கேட்டபோது வேறு வழியில்லாமல் போயிற்று.

இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழுவில் அவள் சொன்னதை என் பெயரில் போட்டது, கெட்ட பாட்டிலைப் புகழ்ந்தது, ஒன்பது நாள் மறைத்தது. அவள் தட்டை அடுக்கி மூடிவிட்டுத்தான் திரும்பினாள்.

"குழுவில போடுறது எனக்குத் தெரியும். நீங்க குளிக்கப் போனப்போ போன்ல பார்த்தேன்."

"ஏன் கேக்கலை?"

"ரெண்டு இடத்துல எழுத்துப்பிழை இருந்துச்சு. அதைச் சொல்லலாமான்னு பார்த்தேன். கோச்சுக்குவீங்களேன்னு விட்டுட்டேன்." அடுப்பைத் தணித்தாள். "ஆனா வேலை அதிகம், வரமாட்டாள்னு சொன்னீங்கல்ல, அது தப்பு. வர்றதும் வராததும் நான் சொல்லணும்."



அந்த வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலப்புடவையில் வந்தாள். மேடம் எதிரே உட்கார்ந்தாள். நான் யூனிஃபார்மில் நின்று ஊற்றினேன். எட்டு பாட்டில். ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒரு வாய் குடித்து, பக்கத்துக் கிண்ணத்தில் துப்பிவிட்டுச் சொன்னாள். அவள் தமிழில் சொல்ல, நான் மலையாளத்தில் திருப்பிச் சொல்ல, மேடம் எழுதிக்கொண்டார். ஓரிடத்தில் அவள் "ஈர விறகு" என்றதை நான் "புகை" என்று மாற்றினேன். "புகை இல்லீங்க, விறகு. இன்னும் பத்தவைக்கலை" என்று எல்லார் முன்னாலும் திருத்தினாள். சமையற்கட்டு வாசலில் நின்ற என் சர்வர் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவ்வளவு அழகாக அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், ஜீப்பில் கேட்டேன். "எட்டுல உனக்கு எது பிடிச்சுது?"

"எதுவும் பிடிக்கல. எல்லாம் புளிச்சதுதானே?"

எல்லாவற்றையும்விட அதுதான் சுட்டது. நான் ஆசைப்பட்டு ஆசைப்பட்டுக் கும்பிட்ட சாமி, கோயில் பக்கமே போகாத இவளிடம் போய்ப் பேசியிருக்கிறது.

புது மெனு கார்டு வந்து இப்போது ஐந்து மாதம் ஆகிறது. அவளுடைய வரிகள் மலையாளத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கின்றன. தினமும் சாயங்காலம் மேஜை மேஜையாக அதை வாசித்துக் காட்டுவது என் வேலை. போன வாரம் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்திருந்தது. வீட்டுக்காரர் கார்டைத் தூரப் பிடித்து வாசித்துவிட்டு, "ஏனுங்க, இத எழுதுனது யாருங்க? படிக்கப் படிக்க வாய் ஊறுதுங்க" என்றார்.

இதே கேள்விக்கு இதுவரை 'ஒரு எக்ஸ்பர்ட்' என்று சொல்லி நழுவிவந்தேன். அன்றைக்கு என்னவோ, "என் வீட்டம்மாங்க. ஏலக்காய் ஸ்டோர்ல வேலை" என்று வந்துவிட்டது.

"அட! அப்ப நீங்க குடுத்து வச்சவருங்க" என்றார் அவர் சம்சாரம்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஊற்றினேன். ஒரு சொட்டு வெள்ளை விரிப்பில் விழுந்தது. மன்னிப்புக் கேட்டுத் துடைத்தேன்.